முப்பத்தோராவது விநாடி

கஜந்தினி என்ன வேலை செய்கிறாள் என்பது லண்டன் கிங்ஸ்பரியில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. வெம்பிளியில் கல்யாண வீடு என்றால் யாராவது ஒருவர் அவளைப் பிடித்துக்கொள்வார். "பிள்ளை மியூசிக் செய்யிறியாம். என்ன பாட்டுப் பாடுறனீ?" பாடுவதில்லை என்பாள். "அப்ப என்ன வாசிக்கிறனீ?" வாசிப்பதும் இல்லை. "பாட்டும் இல்லை, வாசிப்பும் இல்லையெண்டால் பிறகென்ன கோதாரி மியூசிக்?" என்று ஒரு மாமா வடையை வாயில் வைத்தபடியே கேட்டார். நியாயமான கேள்விதான்.

அவள் செய்வது அம்பியன்ட் இசை. தாளம் கிடையாது, மெட்டுக் கிடையாது. ஒரு சத்தத்தைக் கணினிக்குள் போட்டு, இழுத்து இழுத்து, அது ஒரு பெரிய அறைக்குள் நிற்கும் காற்றாக ஆகும்வரை விடமாட்டாள். இதைக் கேட்கவும் ஆட்கள் இருக்கிறார்கள், நம்பினால் நம்புங்கள். பேர்லினில் முந்நூறு பேர் தரையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். அந்தப் படத்தைத் தாய்க்குக் காட்டினாள். சிவனேஸ்வரி கண்ணாடியை ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்து, "ஏன் பிள்ளை, எல்லாருக்கும் சுகமில்லையோ?" என்றார்.

பன்னிரண்டு வருடத்தில் ஏழு இசைத்தொகுப்புகள். ஒன்றைக்கூடச் சிவனேஸ்வரி கேட்டதில்லை. கேட்கவிடாமல் பார்த்துக்கொண்டது கஜந்தினிதான். ஏழிலும் உள்ளே இருந்தது ஒரே சத்தம், நாற்பது விநாடி நீளமான ஒரு மூச்சு. அது தன் அண்ணன் றஜீவின் மூச்சு என்று அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் தெரியும். அதைத் தாயிடமிருந்து ஒளித்து வைத்திருந்தாள். பதினாறு வயதில் செய்த ஒரு காரியத்துக்காக அவள் தன்னை மன்னித்ததில்லை.

கதையை 2001இலிருந்து தொடங்கவேண்டும். அப்பா யோகராஜா முதலில் லண்டன் வந்து, பெற்றோல் நிலையத்தில் இரட்டை ஷிப்ட் அடித்து, ஒருவழியாகக் குடும்பத்துக்கு விசா எடுத்தார். எட்டு வயதுக் கஜந்தினிக்குக் கிடைத்தது. அம்மாவுக்குக் கிடைத்தது. றஜீவுக்குப் பதினெட்டு வயது முடிந்து மூன்று கிழமை ஆகியிருந்தது. பதினெட்டைத் தாண்டினால் பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மூன்று கிழமை! கோழி அடைகிடந்து குஞ்சு பொரிக்க எடுக்கும் நேரம். தாயும் மகளும் விமானம் ஏறினார்கள். அவன் விமான நிலையத்திலிருந்து ஊருக்குத் திரும்பிப் போய், பிறகு கிளிநொச்சியில் காசுக்கு போன் பேசவிடும் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்தான்.

வெளிநாட்டுக்குப் பேசுவதென்றால் கொள்ளைச் செலவு. ஆகவே ஞாயிறு தவறாமல் றஜீவ் கிங்ஸ்பரி வீட்டுக்கு இரண்டு மணி அடித்துவிட்டு வெட்டுவான். இரண்டு மணி என்றால் 'இருக்கிறன்' என்று அர்த்தம். அந்தக் காலத்தில் லண்டனில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் இப்படியொரு மணிக்கணக்கு இருந்தது. தொலைபேசி அடிக்கும், வீடே நின்று காது கொடுக்கும், ஒருவரும் எடுக்கமாட்டார்கள். எடுத்துவிட்டால் அங்கே காசு போய்விடும். விருந்துக்கு வந்த வெள்ளைக்காரருக்கு இது விளங்கவே விளங்காது.

சண்டை இறுகியபோது றஜீவ் ஒருதரம் காசு கட்டிப் பேசி இரண்டாவது சட்டம் ஒன்று போட்டான். "ரெண்டுக்கு மேல அடிச்சால் போன் என்ர கையில இல்லையெண்டு நினையுங்கோ. எடுத்தாலும், நான் கதைக்கும்வரைக்கும் நீங்கள் வாய் திறக்கக்கூடாது." வேறு யாருடைய கையிலாவது அகப்பட்டால், அந்த முனையில் குரல் கேட்பதே ஆபத்து என்பது அவன் கணக்கு. சிவனேஸ்வரி அதை விரதம்போல மனத்தில் பிடித்துக்கொண்டார். மகளிடமும் சொல்லி வைத்தார்: "நீ தொடவே கூடாது. நான் பாத்துக்கொள்ளுறன்."

2007இல் யோகராஜா மாரடைப்பில் போனார். வீட்டில் ஒரு பழைய ஆன்சரிங் மெஷின் இருந்தது. ஆறு மணி அடித்தும் எடுக்காவிட்டால் அதற்குள்ளிருந்து யோகராஜா பேசுவார்: "நாங்கள் இப்ப வீட்டில இல்லை. பேரையும் நம்பரையும் சொல்லுங்கோ." இறந்த மனிதர் இருமிவிட்டு இதைச் சொல்வதை மாற்றத் தாய்க்கும் மனம் வரவில்லை, மகளுக்கும் வரவில்லை.

2009 சித்திரை, ஒரு சனிக்கிழமை மத்தியானம். சிவனேஸ்வரி சண்டையை நிறுத்தச் சொல்லி மூன்று நாள் பாராளுமன்றச் சதுக்கத்தில் இருந்து கத்திவிட்டு, தொண்டை அடைத்து, இளைப்பும் கூடி, மேல்மாடியில் படுத்திருந்தார். கஜந்தினி கீழே கணக்குச் செய்துகொண்டிருந்தாள். தொலைபேசி அடித்தது. ஒன்று. இரண்டு. அப்பாடா என்று பென்சிலை எடுத்தாள். மூன்றாவது அடித்தது. கை தானாக ரிசீவருக்குப் போய் அதன்மேலேயே நின்றுவிட்டது. நான்கு, ஐந்து, ஆறு. அப்பா இருமிவிட்டுப் பேசினார். பிறகு மெஷினின் சின்ன ஸ்பீக்கரில் ஒரு மூச்சு வந்தது. பேச்சில்லை. மூச்சு மட்டும், மேலேயும் கீழேயும். அண்ணாவேதான் என்று அவள் ஸ்பீக்கரில் காதை வைத்தாள். நாற்பது விநாடியில் தொடர்பு அறுந்தது.

அவள் மெஷினில் செய்தி பதியும் குட்டிக் கசற்றைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு வேறொன்றை வைத்தாள்; அப்பாவின் குரல் இருந்த கசற் தனி, அதைத் தொடவில்லை. ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் இன்றைக்கும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. சற்று நேரத்தில் சிவனேஸ்வரி படியில் வந்து நின்றார்.

"ஆரும் போன் எடுத்தவையோ?"

"றோங் நம்பர்."

"ம்," என்றுவிட்டு அவர் தேத்தண்ணி போடப் போனார். அதன்பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு மணி அடிக்கவில்லை.

பதினேழு வருடம். காணாமல்போனோர் பட்டியல்கள், படிவங்கள், படங்கள், எல்லாம் அவரவர் வீட்டில் நடந்ததுபோல அந்த வீட்டிலும் நடந்தன. சிவனேஸ்வரி காலையில் எழுந்து முகம் கழுவியதும் ரிசீவரைத் தூக்கிக் காதில் வைப்பார். லைன் சத்தம் வருகிறதா என்று ஒரு நிமிடம் கேட்பார். வைத்துவிடுவார். அதற்குப் பிறகுதான் சாமிக்கு விளக்கு.

கஜந்தினி ஒலிப்பதிவு படித்தாள். பகலில் அவளுக்குச் சோறு போடுவது துப்புரவு வேலை. ஒலிநூல் கம்பனி ஒன்றுக்காக, வாசிப்பவர்களின் பதிவிலிருந்து வாய் உலரும் சத்தம், கதிரை முனகல், மைக்கில் விரல் பட்ட 'டக்' எல்லாவற்றையும் பொறுக்கி எடுப்பாள். அதில் அவள் கெட்டிக்காரி. அவள் கைபட்ட பதிவில் ஒரு தூசி இராது என்பார்கள்.

அவள் முதன்முதலில் துப்புரவு செய்தது அந்த நாற்பது விநாடியைத்தான். இரைச்சலை இறக்கினாள், லைனில் விழுந்த சொடுக்குகளைத் துடைத்தாள், மூச்சு பளிச்சென்று வெளியே வந்தது. அந்தச் சந்தோஷத்தில் கணினியிலிருந்த மூலப் பதிவின் மேலேயே சேமித்துவிட்டாள். இப்போது தன்னிடம் பழக வருபவர்கள் அப்படிச் செய்தால் கிழித்துத் தோரணம் கட்டுவாள். அன்றைக்கு அவளைக் கிழிக்க ஆள் இருக்கவில்லை.

அந்த மூச்சு அவளை விட்டுப் போகவில்லை. ஜூபிலி லைன் ரயிலில் ஆளில்லாத பெட்டியில் கேட்டது. குளியலறை விசிறியில் கேட்டது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் கேட்காத நாளில் இன்னும் பயம். அதை நீட்டினாள், மெதுவாக்கினாள், ஒரு விநாடியை ஏழு நிமிடமாக்கினாள். எவ்வளவுக்கு நீட்டுகிறாளோ அவ்வளவுக்கு அவன் இன்னும் வெட்டவில்லை என்று ஒரு கிறுக்குக் கணக்கு. அப்படிப் பிறந்ததுதான் 'நாற்பது' என்ற முதல் தொகுப்பு.

அதை வெளியிட்டவன் அபிஷேக். சென்னைப் பையன், லண்டனில் ஒரு வங்கியில் வேலை, பொழுதுபோக்குக்கு இசை வெளியீடு. நாற்பது கசற் மட்டும் போடலாம் என்றான். கஜந்தினிக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்த வயதில் அது மகா யோசனையாகத் தெரிந்தது. மூலக் கசற்றின் நாடாவை எடுத்து, விநாடிக்கு ஒரு துண்டாக வெட்டி, நாற்பது அட்டைகளிலும் ஒவ்வொரு துண்டை ஒட்டி இலக்கம் போட்டு விற்றாள். ஒளித்து வைத்திருந்த பாரத்தை நாற்பது பேரிடம் பிரித்துக் கொடுத்துவிட்டதாக நினைத்தாள். பாரம் குறையவில்லை.

தொகுப்பைப் பாராட்டி ஒரு பத்திரிகையில் எழுதினார்கள். முப்பத்தோராவது விநாடியில் மூச்சுக்கு நடுவே ஒரு நுண்ணிய பள்ளம் வருகிறதாம், அதில் ஒரு மனிதன் இல்லாமல் போவது கேட்கிறதாம். எழுதுகிறவர்களுக்கு என்ன, எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

இந்தத் தை மாதம் தொலைபேசிக் கம்பனியின் கடிதம் வந்தது. பழைய செப்புக் கம்பிகளை நிறுத்துகிறார்கள், இனி எல்லாம் இன்டர்நெட் வழியாம். செவ்வாய்க்கிழமை ஆள் வருவான்.

"ஒருத்தரும் வரத் தேவையில்லை," என்றார் சிவனேஸ்வரி. "என்ர லைனில கை வைக்க விடன்."

"அம்மா, நம்பர் அதேதான். மாறாது."

"மெஷின்?"

"மெஷின் வேலை செய்யாதாம். அது நல்லாப் பழசு."

"அப்ப அவன் எடுக்கேக்க ஆர் பதில் சொல்லுறது? அப்பாவின்ர குரலாவது கேக்கவேண்டாமோ?"

கஜந்தினி சமையலறைக் கதிரையில் உட்கார்ந்தாள். இதற்கு மேல் ஏலாது என்று ஆகிவிட்டது. "அம்மா, அண்ணா எடுத்தவர். நான்தான் தூக்கேல்லை," என்றாள். சனிக்கிழமை, பென்சில், ஆறு தரம் அடித்த மணி, மூச்சு, கசற், எல்லாவற்றையும் சொன்னாள். ஏழு தொகுப்பிலும் அதுதான் இருக்கிறது என்பதையும் சொன்னாள்.

"இப்பவும் இருக்கோ அது?" என்றார் தாய்.

"ஓம்."

"போடு."

கஜந்தினி தன் ஹெட்போனைத் தாயின் காதில் மாட்டி, கொண்டையில் சிக்காமல் சரிசெய்துவிட்டாள். துப்புரவு செய்த நாற்பது விநாடியை ஓடவிட்டாள். தாய் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் தானே கழற்றி மேசையில் வைத்தார்.

"இது நான்," என்றார்.

"என்னம்மா?"

"மேல் அறையில இருந்த போனை நான் தூக்கினனான். இது என்ர இளைப்பு, பிள்ளை. முடியிற இடத்தில சின்ன விசில் கேக்குதெல்லே? அண்டைக்குப் பம்ப் அடிக்காமல் படுத்தனான்."

அதே லைனில் வேறொரு ரிசீவர் தூக்கப்பட்டால் நல்ல மெஷின்கள் தாமாக நின்றுவிடும். அந்தப் பழசுக்கு அந்தப் புத்தி இல்லை, மேல்மாடியில் விட்ட மூச்சையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. பேர்லினில் முந்நூறு பேர் கண்ணை மூடிக் கேட்டது சிவனேஸ்வரியின் ஆஸ்துமாவை. பிறந்த நாளிலிருந்து கூடவே இருந்த மூச்சைக் கஜந்தினி அடையாளம் காணவில்லை. அதிலும் காதுதான் அவளுடைய தொழில்.

சிவனேஸ்வரி இன்னும் முடிக்கவில்லை. "அவன்ர தட்டு எங்கை?" என்று கேட்டார்.

"எந்தத் தட்டு?"

"கடைசிப் பக்கமா அவன் விரலால ரெண்டு தரம் தட்டினவன். இப்பிடி." மேசையில் நகத்தால் தட்டிக் காட்டினார். டக். டக். "மணி அடிக்கிறமாதிரி. இருக்கிறன் எண்டு சொன்னவன். அதை ஏன் இதில காணேல்லை?"

கஜந்தினிக்கு நினைவு வந்தது. முப்பத்தொன்றில், இரண்டு சொடுக்கு. லைன் பழுது என்று நினைத்து அவளே துடைத்தது. பத்திரிகைக்காரர் மெச்சிய பள்ளம். அதை அவள் தாய்க்குச் சொன்னாள்.

"ஊத்தையெண்டு நினைச்சியோ?" என்றார் தாய், கோபமில்லாமல்.

"ஓம் அம்மா."

இருவரும் அழுதார்கள். முதலில் வாயைத் துடைத்துக்கொண்டு பேசியவர் சிவனேஸ்வரிதான். "நீ தூக்காதது பிழையில்லை. நான் சொல்லித்தானே நீ தூக்கேல்லை. நான் தூக்கிப்போட்டும் வாய் திறக்காமல் இருந்தன். அவன் கதைக்கட்டும் எண்டு அவன் சொன்ன சொல்லைக் காத்தன். பக்கத்தில ஆரும் நிண்டிருப்பாங்கள், அவனுக்குக் கதைக்க ஏலாமல் இருந்திருக்கும். நான் கதைச்சிருக்கலாம். அம்மாவின்ர குரலையாவது கேட்டிருப்பான். ஒரு சொல்லு, பிள்ளை. ஒரு சொல்லு நான் சொல்லேல்லை. நீ றோங் நம்பர் எண்ட உடன, உனக்கு ஒண்டும் தெரியாதெண்டு நினைச்சு நானும் மறைச்சுப்போட்டன்." பிறகு, "எனக்கு அந்தத் தட்டு வேணும்," என்றார்.

அதைத் தேடிக் கொடுப்பதைத் தவிர கஜந்தினிக்கு இந்த உலகத்தில் வேறு வேலை இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வரவேண்டிய ஆளைப் பிறகு வரச் சொன்னாள். அபிஷேக்கைக் கூப்பிட்டாள். "யார் யாருக்கு எந்த நம்பர் போச்சுன்னு பழைய மெயில்ல இருக்கும் கஜ், தேடறேன்," என்றான் அவன். அரை மணியில் திரும்ப எடுத்தான். "முப்பத்தொண்ணு லீட்ஸ்ல ஒரு மிட்வைஃப்கிட்ட இருக்கு. முப்பத்திரண்டு பிரிஸ்டல்ல ஒருத்தர். ஏன் ரெண்டும் கேக்குற?"

இரண்டும் வேண்டும். பள்ளம் முப்பத்தோராவது விநாடியின் கடைசியில் தொடங்கி அடுத்ததற்குள் முடிகிறது. அவளுடைய கத்தரிக்கோல் இரண்டு தட்டுக்கும் நடுவால் போயிருக்கிறது.

பிரிஸ்டல்காரர் உடனே பதில் எழுதினார், மிகவும் வருந்தி. மணமுறிவு, வீடு மாற்றம், பெட்டிகள் எல்லாம் ஒரு தொண்டுக் கடைக்குப் போய்விட்டன. எந்தக் கடை என்றுகூட நினைவில்லை. கஜந்தினி ரயிலேறிப் போய் ஒன்பது கடைகளில் கசற் கூடைகளைக் கிளறினாள். கிடைக்கவில்லை.

லீட்ஸிலிருந்து தபால் வந்தது. நாடாத் துண்டு அட்டையோடு அப்படியே இருந்தது. கூடவே ஒரு கடிதம்: பிரசவ அறையில் உங்கள் தொகுப்பைத்தான் போடுவேன், வலி வரும்போது பெண்கள் இந்த மூச்சோடு சேர்ந்து மூச்சு விடுகிறார்கள், எத்தனையோ பிள்ளைகள் இதற்குள் பிறந்துவிட்டன. கஜந்தினி தமிழில் சொல்லி முடித்ததும் சிவனேஸ்வரி வாயில் கை வைத்தார். "என்ர இளைப்பைக் கேட்டோ பிள்ளை பெறுகினம்?" என்று சிரித்தார். அந்த வீட்டில் அப்படியொரு சிரிப்புக் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

"அம்மா, ஒரு தட்டுத்தான் இருக்கும். மற்றது போயிட்டுது."

"ஒண்டெண்டாலும் காணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. கஜந்தினி சமையலறை மேசையில் வெள்ளைத் துணி விரித்து, சாமணத்தால் அந்த இரண்டரை சென்ரிமீற்றர் நாடாவை எடுத்து, வெறும் குட்டிக் கசற் ஒன்றின் நாடாவில் பொருத்தி ஒட்டினாள். துடைக்கத்தான் வேண்டும் என்று பழக்கம் சொன்னது. தொடவில்லை, இருந்த தூசியோடு விட்டாள். பழைய மெஷினைக் கொண்டுவந்து தாயின் முன் வைத்து, கசற்றைப் போட்டு மூடினாள். சிவனேஸ்வரி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பொத்தானை அமுக்கினாள். கொஞ்சம் வெறும் இரைச்சல். பிறகு பதினேழு வருடம் இளமையான சிவனேஸ்வரி பாதி மூச்சு இழுத்தார்.

டக்.

அவ்வளவுதான். மற்றத் தட்டு வரவேண்டிய இடத்தில் வெறும் நாடா ஓடியது. அது இல்லை என்று தெரிந்தும் கஜந்தினி காத்திருந்தாள். சிவனேஸ்வரி காத்திருக்கவில்லை. மெஷினுக்கு மேலே குனிந்து, வாயைக் கிட்டக் கொண்டுபோனார்.

"தம்பி, அம்மாதான் கதைக்கிறன்," என்றார். "சொல்லு, ராசா."

நாடா ஓடி முடிய அரை மணித்தியாலம் எடுத்தது. கஜந்தினி அதை நிறுத்தவில்லை.